1857 யூட்டா போரில் சில வண்டிகள் எரிந்ததற்கே அமெரிக்கப் படை ஏன் முடங்கியது?

எரிந்தவை வெறும் வண்டிகள் அல்ல, யூட்டாவில் வாழ்ந்த மார்மன் மதக்குழுவை அடக்க அமெரிக்க அரசு அனுப்பிய படையின் குளிர்கால உணவு. அக்டோபர் 4, 5 தேதிகளில் லாட் ஸ்மித் தலைமையிலான சிறு மார்மன் குதிரைப்படை, கிரீன் ஆற்றங்கரையிலும் பிக் சாண்டி அருகிலும் 50-க்கும் மேற்பட்ட வண்டிகளைக் கொளுத்தியது. மாவு, பன்றி இறைச்சி எல்லாம் சாம்பல். உயிரை எடுக்கக் கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. அதனால் வண்டிக்காரர்களை இறக்கிவிட்டுத்தான் தீ வைத்தார்கள்.

அடிப்படைத் தவறு படையினுடையது. ஒப்பந்த நிறுவனத்தின் வண்டிகள் காவலே இல்லாமல் போயின. ஒவ்வொன்றையும் இழுக்கப் பல ஜோடி எருதுகள் தேவை. மார்மன்கள் வழியிலிருந்த புல்லையும் எரித்து, மாடுகளையும் ஓட்டிச் சென்றார்கள். இதுதான் பெரிய அடி என்பேன்: தீவனமில்லாத மாடுகள் பனியில் கூட்டங்கூட்டமாகச் செத்தன. வழியிலிருந்த ஃபோர்ட் பிரிட்ஜர் கோட்டையையும் மார்மன்களே கொளுத்திவிட்டதால், படை அதன் அருகே கூடாரங்களில், குறைத்த ரேஷனில் குளிர்காலத்தைக் கழித்தது. புதிய விலங்குகள் வாங்க படையின் கேப்டன் மார்சி நியூ மெக்சிகோ வரை போகவேண்டியிருந்தது.