செவ்வியல் தாராளவாதமும் லிபர்டேரியனிசமும் ஒன்றுதானா, வேறுபாடு உண்டா?

உண்டு. இரண்டுமே தனிமனிதச் சுதந்திரத்தை முன்வைத்து அரசைக் கட்டுக்குள் வைக்கச் சொல்லும் சிந்தனைகள்தான், ஆனால் எவ்வளவு தூரம் என்பதில் பிரிகின்றன. "ரெண்டும் ஒன்னுதான், பேர்தான் வேற" என்று யாரோ உங்களிடம் அடித்துப் பேசியிருக்க வேண்டும், அதனால்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இதே வாக்கியத்தால் ஒரு பரிசைக் கோட்டைவிட்டவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

கல்லூரிகளுக்கிடையே நடந்த விவாதப் போட்டி, இறுதிச் சுற்று. அரசு எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு நல்லது என்பது தலைப்பு. எதிரணி மாணவர் அருமையான பேச்சாளர். வரி என்பதே திருட்டு என்ற லிபர்டேரியன் கோஷத்தோடு ஆரம்பித்தார். இதைச் செவ்வியல் தாராளவாதியான பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776லேயே சொல்லிவிட்டார், சந்தையின் கண்ணுக்குத் தெரியாத கை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று முடித்தார். ஒரே கைதட்டல். (அந்தக் கை ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’ என்ற அத்தனை பெரிய நூலில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. சரி, அதை விடுங்கள்.)

நான் அந்த நூலின் நூலகப் பிரதியில் காகிதத் துண்டுகளைச் செருகி எடுத்துப் போயிருந்தேன். வங்கிகளைப் பற்றிய பகுதியை வாசித்தேன். ஸ்காட்லாந்தின் ஏர் வங்கி 1772ல் நொடித்துப்போனது. ஸ்மித்தின் பழைய மாணவரான பக்ளூ கோமகனே அதில் ஒரு பங்குதாரர். அந்தச் சூடு ஆறுவதற்குள் வெளிவந்த நூல் இது. அப்போது தனியார் வங்கிகளே பண நோட்டுகளை வெளியிட்டன; அவை சிறு தொகை நோட்டுகளை வெளியிடுவதைச் சட்டம் போட்டுத் தடுக்கலாம் என்கிறார் ஸ்மித். இது இயற்கைச் சுதந்திரத்தை மீறுவது இல்லையா? மீறல்தான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஒட்டிய வீடுகளுக்கிடையே தீ பரவாதபடி தடுப்புச் சுவர் கட்டச் சொல்வதும் இதே மாதிரி மீறல்தானாம். ஒரு சிலருடைய சுதந்திரம் மொத்தச் சமூகத்துக்கும் ஆபத்தானால் எந்த அரசும் அதைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும் என்கிறார்.

வாசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. நடுவர் நான் குதர்க்கம் பேசுவதாகச் சொல்லி, புத்தகத்தைப் பார்த்து வாசித்ததற்கு மதிப்பெண்ணும் குறைத்தார். ஆதாரத்தைக் காட்டினால் தண்டனை, அடித்துவிட்டால் கோப்பை. விவாதப் போட்டிகளில் குரலுக்குத்தான் மார்க். பாட்டுப் போட்டி என்றே பெயர் வைத்துவிடலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வியல் தாராளவாதிக்குச் சுதந்திரம்தான் முதல். அதில் கைவைக்க நினைப்பவர் காரணம் சொல்லியாக வேண்டும், ஆனால் காரணம் வலுவாக இருந்தால் அவர் இறங்கி வருவார். கறாரான லிபர்டேரியனிடம் பொதுநன்மை என்ற காரணமே செல்லாது. என் உடல் எனக்கு, என் உழைப்பு எனக்கு, நேர்மையாகச் சேர்த்த சொத்தும் எனக்கு. நான் அடுத்தவர்மேல் கைவைக்காதவரை யாரும் என்னைக் கட்டாயப்படுத்த முடியாது. தீ பரவினால் நஷ்டஈடு கேள், முன்கூட்டியே சுவர் கட்டச் சொல்லாதே என்பார்.

வரியில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். அரசின் பாதுகாப்பை அனுபவிப்பவர் அந்தச் செலவில் தன் பங்கைக் கொடுப்பது நியாயம், அதற்குப் பெரும்பான்மையின் சம்மதம் போதும் என்பது செவ்வியல் தாராளவாதத்தின் முன்னோடியான ஜான் லாக்கின் வாதம், 1689ல் வெளிவந்தது. அதே லாக்கிலிருந்து தொடங்கும் லிபர்டேரியன் தத்துவவாதி ராபர்ட் நோசிக், உழைத்துச் சம்பாதித்த பணத்துக்கு வரி போடுவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்று 1974ல் எழுதினார். அவருடைய அரசு ஆளைக் காக்கும், ஒப்பந்தத்தைக் காக்கும், அதோடு சரி. இன்னொரு லிபர்டேரியனான முர்ரே ரோத்பார்டுக்கு அதுவும் அதிகம். காவலையும் நீதிமன்றத்தையும்கூடத் தனியாரே நடத்தட்டும் என்றவர் அவர். தாராளவாதியான ஜான் ஸ்டூவர்ட் மில்லோ 1859ல், பிள்ளைகளுக்குக் கல்வி கிடைப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும், ஏழைகளின் கட்டணத்துக்கு உதவவும் வேண்டும் என்றார். ஆனால் எல்லோருக்குமான பள்ளிகளை அரசே நடத்துவதை அவர் விரும்பவில்லை.

நடைமுறையில் பல விஷயங்களில் செவ்வியல் தாராளவாதி, லிபர்டேரியன் இருவரும் ஒரே பக்கம் நிற்பார்கள் என்பதும் உண்மை. தணிக்கை கூடாது, இறக்குமதித் தடை கூடாது, அரசு தொழில் நடத்த வேண்டாம். வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்டுத் தடுத்த பிரிட்டனின் தானியச் சட்டங்கள் 1846ல் ரத்தானதை இருவருமே கொண்டாடுவார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றாகத் தெரிவது இதனால்தான்.

லிபர்டேரியன்களில் நூறு வகை உண்டு, சொத்துரிமையை ஏற்காத இடதுசாரி லிபர்டேரியன்களும் உண்டு என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். தெரியும். நான் யாரையும் மட்டம்தட்டவில்லை, எந்தக் கட்சியும் எனக்கில்லை. வருமானம் குறைந்தவருக்கு அரசே பணம் தரும் எதிர்மறை வருமான வரியை 1962ல் முன்வைத்த பொருளியல் அறிஞர் மில்டன் ஃப்ரீட்மனையும் லிபர்டேரியன் என்றுதான் பலர் சொல்கிறார்கள். எல்லோருக்கும் ஒரு குறைந்தபட்ச வருமானத்தை ஏற்ற பொருளியல் அறிஞர் ஹாயெக்கோ, லிபர்டேரியன் என்ற அந்தப் பட்டம் தனக்குப் பிடிக்கவில்லை என்று 1960லேயே எழுதிவிட்டு, தன்னைப் பழைய விக் (Whig, பிரிட்டனில் அரசனின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்த நின்ற பழைய கட்சிக்காரர்) என்று சொல்லிக்கொண்டார். என்னோடு மல்லுக்கு நிற்க வருபவர்கள் முதலில் அவரிடம் கணக்கைத் தீர்த்துவிட்டு வரட்டும்.