சித்தப்பா நடித்த படங்கள் எத்தனை?

கேள்வி: துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த என் சித்தப்பா எழுபதுகளில் இலங்கைத் தமிழ்ப் படங்களிலும், பின்னர் தொலைக்காட்சி நாடகங்களிலும் சிறு வேடங்களில் நடித்தவர். அண்மையில் காலமானார். முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் நினைவு மலரான கல்வெட்டில் அவருடைய கலைவாழ்வை எழுத வேண்டும். வீட்டில் ஒன்பது படம் என்கிறார்கள். எங்களுக்கு இரண்டின் பெயர்தான் தெரியும். எப்படி உறுதிசெய்வது? – வாசகி, உவர்மலை, திருகோணமலை.

பதில்: ஒன்பது என்ற எண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு, ஆண்டுகளிலிருந்து தொடங்குங்கள். சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலிலும் ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும்தான் ஒளிபரப்பைத் தொடங்கின. ஆகவே 1975இல் அவர் தொலைக்காட்சியில் நடித்தார் என்று உறவினர் ஒருவர் சொன்னால், அது வானொலி நாடகமாகவோ மேடை நாடகமாகவோ இருந்திருக்க வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு நினைவுகள் ஒன்றாகிவிட்டன, அவ்வளவுதான்.

எழுபதுகளில் இங்கே வெளிவந்த தமிழ்ப் படங்களின் தொகையே சிறியது என்பதால், ஒன்பதில் சில சிங்களப் படங்களாகவோ, படப்பிடிப்போடு நின்றுபோனவையாகவோ இருக்கலாம். சிங்களப் படமென்றால் டைட்டிலில் பெயர் சிங்கள எழுத்தில், வேறு உச்சரிப்போடு வந்திருக்கும். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலெழுத்தோடு, முதலெழுத்து இல்லாமல், புனைபெயரில், ஊர்ப்பெயர் சேர்த்து என அவர் பெயர் வரக்கூடிய எல்லா வடிவங்களையும் முன்கூட்டியே எழுதிக்கொண்டு தேடுவது நல்லது.

படங்களையே பார்த்து உறுதிசெய்வது பெரும்பாலும் நடவாது. 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது அழிந்த படச்சுருள்கள் பல. எஞ்சுவது காகிதம். வீரகேசரி, தினகரன் ஆகியவற்றின் பழைய இதழ்களைக் கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். அதற்கு முன், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் தரும் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் தேடினால் பயணச் செலவு மிஞ்சக்கூடும்.

பலரும் தேடாத இடம் ஒன்று உண்டு. சிறு வேட நடிகர்களுள் பெரும்பாலோருக்குச் சோறு போட்டது வேறு தொழில். படப்பிடிப்புக்குப் போக வேண்டுமானால் அவர்கள் லீவு எடுத்தேயாக வேண்டும். உங்கள் சித்தப்பாவின் லீவுக் கடிதப் பிரதிகள், சம்பளமற்ற லீவுக் குறிப்புகள், ரயில் அனுமதிச் சீட்டுகள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், அவற்றின் திகதிகளைப் படம் வெளியான திகதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த நேர்காணலும் தராத உறுதி அதிலிருந்து கிடைக்கும்.

புகைப்படங்களின் பின்புறத்தையும் பாருங்கள். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டவற்றை உரிக்க வேண்டாம், இருந்த இடத்திலேயே படமெடுங்கள். நம் ஊர்க் கடற்காற்றில் பூஞ்சணம் பிடித்த வீடியோ நாடாவையும் அப்படியே கருவியில் போட்டு ஓட்டாதீர்கள். உடன் நடித்தவர் எவரேனும் இருந்தால், படத்தின் பெயரை நீங்கள் சொல்லாமல் புகைப்படத்தை மட்டும் காட்டுங்கள். பெயர் அவர் வாயிலிருந்து வந்தால்தான் அது சாட்சி.

கல்வெட்டுக்கு நாள் குறைவு என்பதால், உறுதியான இரண்டு படங்களையும் அவர் ஏற்ற வேடத்தோடு எழுதுங்கள். சம்மாட்டியாக, அதாவது மீன்பிடிப் படகு முதலாளியாக, ஒரே காட்சியில் வந்தார் என்றால் அப்படியே எழுதுங்கள், ‘முக்கிய வேடம்’ என்று உயர்த்த வேண்டாம். மற்றவற்றை ‘குடும்பத்தினர் நினைவுகூரும் படங்கள்’ என்று தனியே ஒரு வரியில் குறித்து, விவரம் தெரிந்தோர் அறியத்தருமாறு உங்கள் முகவரியை அதன் கீழே அச்சிடுங்கள்.