வாசகர் கேள்வி பதில்: புகழ்ச்சிக்கு முன்னால் அடங்கிவிடும் கேள்விகள்

கேள்வி: என் மகனுக்கு 23 வயது, கைபேசிக் கடை ஒன்றில் வேலை செய்கிறான். மூன்று வாரங்களாக டெலிகிராமில் யாரோ ஒருவர் அவனுடன் பேசி வருகிறார். "உங்கள் ஆங்கிலம் அருமை, உங்களைப் போன்றவர் கடையில் நின்று வீணாகலாமா?" என்று நாள் தவறாமல் எழுதுகிறார். தாய்லாந்தில் கணினி வேலை, தங்க இடம், சாப்பாடு எல்லாம் உண்டாம். நான் சந்தேகப்பட்டால், "ஊரார் அறிந்த என் அருமை உங்களுக்குத் தெரியவில்லை அம்மா" என்று கோபித்துக்கொள்கிறான். என்ன செய்வது?
– ஒரு தாய், தன்லின், மியன்மார்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது உங்கள் மகன் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம். முகம் தெரியாத ஒருவர் மூன்றே வாரத்தில் அவனுக்கு வேண்டியவராகிவிட்டார். பெற்றவள் அவனை மதிக்காதவளாகிவிட்டாள். ஏமாற்றுவதற்காகப் புகழ்கிறவர்கள் முதலில் சாதித்துக்கொள்வது இதைத்தான். "நம்மை இவ்வளவு உயர்வாக நினைப்பவரிடம் போய் உரிமம் உண்டா, ஒப்பந்தம் எங்கே என்று கேட்பதா?" என்ற கூச்சம் ஒருவன் மனத்தில் புகுந்துவிட்டால், அதற்கு மேல் அவனை எங்கே வேண்டுமானாலும் அழைத்துப் போகலாம்.

எல்லையில் நடப்பதை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நம் மியன்மாரின் கயின் மாநிலத்து மியாவடிக்கும் தாய்லாந்தின் மேசாட்டுக்கும் இடையில் ஓர் ஆறுதான் ஓடுகிறது. மியாவடியைச் சுற்றி கே.கே. பார்க், ஷ்வே கொக்கோ முதலிய இடங்களில் மதிலும் காவலும் சூழ்ந்த மோசடிக் கூடங்கள் எழுந்தன. நம் நாட்டில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இத்தகைய கூடங்களில் வற்புறுத்தி வேலை வாங்கப்படுவதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. 'தாய்லாந்தில் வேலை' என்று பாங்காக் வரை விமானத்தில் வரவழைத்து, அங்கிருந்து மேசாட்டுக்குக் காரில் கொண்டுபோய், இரவில் ஆற்றைக் கடத்திவிடுவது அவர்கள் பலரிடம் கையாண்ட வழி. அப்படிச் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை மேசாட்டிலிருந்து அழைத்துப்போனது. படிப்பில்லாதவர்கள்தாம் ஏமாறுவார்கள் என்று உங்கள் மகன் சொன்னால், சீன நடிகர் வாங் சிங்கின் கதையைச் சொல்லுங்கள். திரைப்பட வாய்ப்பு என்ற பேச்சை நம்பி 2025 ஜனவரியில் பாங்காக்கில் இறங்கிய அவர், சில நாள் கழித்துத் தலை மழிக்கப்பட்ட நிலையில் எல்லைப் பகுதியிலிருந்து மீட்கப்பட்டார். தன் திறமைக்காகத் தன்னைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று ஒரு கலைஞன் நம்புவது இயல்புதானே?

உள்ளே அடைபட்டவர்களுக்குத் தரப்படும் வேலையும் புகழ்வதுதான் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. எங்கோ ஒரு நாட்டில் தனிமையில் இருக்கும் ஒருவருக்குக் காலை வணக்கம் அனுப்ப வேண்டும், அவர் படத்தைப் பாராட்ட வேண்டும், அவர் துக்கத்தைக் கேட்டு, "உங்களைப் போல் நல்ல மனம் யாருக்கு உண்டு?" என்று உருக வேண்டும். இப்படி வாரக்கணக்கில் பழகிய பிறகு ஒரு முதலீட்டுத் தளத்தைக் காட்ட வேண்டும். போட்ட பணம் திரையில் பெருகும். சிறு தொகையைத் திரும்ப எடுக்கவும் விடுவார்கள். பெருந்தொகை உள்ளே வந்ததும் வரி கட்டு, கட்டணம் கட்டு என்று மேலும் பிடுங்குவார்கள். பன்றியைக் கொழுக்க வைத்து அறுப்பது என்று பொருள்படும் சீனப் பெயர் ஒன்று இதற்கு உண்டு. கொழுக்க வைக்கும் தீனி, புகழ்ச்சி.

"அவர் பொய்யாகப் புகழ்கிறார் என்று தெரிந்தால் நான் ஏமாறவா போகிறேன்?" என்று உங்கள் மகன் கேட்கலாம். ஹாங்காங்கின் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2010-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. வாடிக்கையாளரின் ரசனையைப் பாராட்டும் கடை விளம்பரத் தாள் ஒன்றைச் சிலரிடம் கொடுத்தார்கள். விற்பதற்காகவே புகழ்கிறார்கள் என்பது அந்தத் தாளைப் படித்தவர்களுக்கு நன்றாகவே புரிந்தது; ஆயினும், அவர்கள் அறியாமலேயே அந்தக் கடையின் மேல் ஒரு நல்லெண்ணம் மனத்தின் அடியில் தங்கிவிட்டது. ஆகவே, "நான் கெட்டிக்காரன், மயங்க மாட்டேன்" என்ற தைரியத்தை நம்பி யாரும் இருக்கக் கூடாது. மயக்கம் வரும் என்று ஒப்புக்கொண்டு, கேட்க வேண்டிய கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

நம் மக்களுக்கு இது புதிதும் அன்று. என் பாட்டனார் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். ஊருக்கு ஆள் பிடிக்க வந்த மேஸ்திரி, "இந்தத் தோளை வைத்துக்கொண்டு இந்தக் காட்டிலா கிடப்பது?" என்று ஊரார் முன்னிலையில் தட்டிக்கொடுத்தாராம். அந்தப் பெருமையில், முன்பணமாகக் கையில் கொடுத்தது கடன் என்பதையும், கூலி மேஸ்திரியின் கை வழியாகத்தான் வரும் என்பதையும் அவர் கேட்டறியவில்லை. பட்ட கடனைத் தீர்க்கப் பல ஆண்டுகள் பிடித்தன என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மகனுடைய ஆங்கிலத்தை மட்டம் தட்டிப் பேசாதீர்கள். அப்படிப் பேசினால் அந்த அந்நியரின் பிடி இன்னும் இறுகும். அவனிடம் உண்மையிலேயே உள்ள திறமையைச் சொல்லுங்கள்: பழுதான கைபேசியைப் பொறுமையாகப் பிரித்துப் பார்ப்பானா, கடைக் கணக்கில் தவறு வராமல் பார்த்துக்கொள்வானா, அதை உங்கள் வாயால் அவன் கேட்கட்டும். பிறகு அவன் பக்கத்தில் அமர்ந்து, அவன் கையாலேயே மூன்று கேள்விகளை அனுப்பச் சொல்லுங்கள்: வேலை தரும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் என்ன? இங்கே தொழிலாளர் அமைச்சகத்தின் உரிமம் பெற்ற எந்த முகவர் வழியாக அனுப்புகிறீர்கள்? வெளிநாட்டுத் தொழிலாளர் அடையாள அட்டை எடுத்த பிறகு புறப்படலாமா? இவற்றோடு, "வீட்டில் கலந்து பேச ஒரு வாரம் வேண்டும்" என்றும் எழுதட்டும். நேர்மையானவர் விவரம் தருவார், காத்திருப்பார். மற்றவரிடமிருந்து, "உங்களைத் தைரியசாலி என்று நினைத்தேனே", "இடம் இன்றே போய்விடும்" என்ற வகையில்தான் பதில் வரும். அந்த மாற்றத்தை அவன் தன் கண்ணால் பார்ப்பது, நீங்கள் நூறு முறை சொல்வதைவிட அவனுக்கு உறைக்கும்.

கேள்வி: "சொல்வணக்கம் ஒன்னார்கண் கொள்ளற்க வில்வணக்கம் தீங்கு குறித்தமை யான்" என்ற குறளை எங்கள் தமிழ் வகுப்பில் படித்தோம். அப்படியானால் பணிவாகப் பேசுகிறவர் எல்லாரையும் சந்தேகிக்க வேண்டுமா?
– மாணவி, மௌலமைன்

பதில்: வேண்டாம் அம்மா. வில் வளைவது அம்பை எய்வதற்கு. அதைப் போலப் பகைவரின் சொல் வளைவதும் தீங்குக்கே என்கிறது குறள். 'ஒன்னார்கண்', அதாவது பகைவரிடம், என்ற சொல்லை விட்டுவிட்டுப் படித்தால் பொருள் கெட்டுவிடும். பணிவு குற்றமில்லை. பாராட்டுகிறவர் உன் வேலையைப் பார்த்திருக்கிறாரா என்று கவனி. "இந்தக் கோலத்தில் வலப்பக்கச் சுழி நன்றாக வந்திருக்கிறது" என்று சொல்பவர் கோலத்தைப் பார்த்தவர். பார்க்காமலே உன்னை வானளாவப் புகழ்பவர் கையில் நாண் ஏற்றிய வில் இருக்கக்கூடும்.

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். "அண்ணாச்சி, இந்தத் தெருவில் வாக்குக்கு மதிப்புக் கொடுப்பவர் நீங்கள் ஒருவர்தான், மற்றவர்கள் சீட்டு எழுதச் சொல்லி அவமதிக்கிறார்கள்" என்று சொல்லியே ஒருவர் ஆறு மாதம் கடனாக அரிசியும் எண்ணெயும் வாங்கிப்போனார், இப்போது ஆளைக் காணோம். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.
– வணிகர், பாகோ

பதில்: ஐயா, அவர் உங்களைப் புகழ்ந்த வாக்கியத்திலேயே உங்கள் கணக்குப் புத்தகத்தையும் மூடிவிட்டார். சீட்டு எழுதுவதை அவமதிப்பு என்று சொல்லிவிட்டால், நல்ல மனிதர் எவரும் எழுதக் கூசுவார். நம்பியது உங்கள் குற்றமில்லை. நம்பிக்கையைத் திருடியது அவர் குற்றம். உங்கள் வெட்கம் இப்போதும் அவருக்குத்தான் உதவுகிறது, ஏனெனில் அடுத்த தெருவில் இன்னொரு கடைக்காரரிடம் அவர் இதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். நினைவில் உள்ளவரை எந்த மாதம் என்ன கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எடுத்துக் கொடுத்த கடைப் பையனிடமும் கேட்டுச் சரிபாருங்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரும் மற்ற வணிகர்களிடம், அவர் எப்படிப் பேசுவார் என்பதை அப்படியே சொல்லிக்காட்டுங்கள். இனி யார் கடன் கேட்டாலும், நெருங்கிய உறவினர் ஆனாலும், சீட்டு எழுதிய பிறகே மூட்டையை இறக்குங்கள்.