எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் கலக்காதீர்கள்!

கேள்வி: அக்கா, எனக்கு 45 வயது. முன்நெற்றியில் நரை. மருதாணிப் பொடியோடு தயிர், எலுமிச்சை, முட்டை, அவுரிப்பொடி எல்லாம் கலந்து பூசினேன். நரை ஆரஞ்சு நிறமாகி, முடி வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. பத்தே நிமிடத்தில் கருக்கும் ‘கருப்பு மருதாணி’ பாக்கெட் வாங்கலாமா?
– ஒரு வாசகி, பெகு

பதில்: தங்கச்சி, அந்த பாக்கெட் வேண்டவே வேண்டாம். எந்த மருதாணியும் பத்து நிமிடத்தில் கருக்காது. அப்படிக் கருத்தால் அதில் பெரும்பாலும் பிபிடி என்ற ரசாயனச் சாயம் இருக்கும். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தலை கொப்புளித்து, கண் இமை மூடும் அளவுக்கு முகம் வீங்கும். அந்த ஒவ்வாமை ஒரு தடவை வந்துவிட்டால் லேசில் விடாது. ‘மூலிகை’ என்று மேலே எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் முடி ஆரஞ்சானதற்குக் காரணம், எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்ததுதான். மருதாணி இலையில் இருக்கும் லாசோன் என்ற சாயம் முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அது தருவது செம்மஞ்சள் நிறம், அதற்கு மேல் இல்லை. கருப்பு வேண்டுமென்றால் அந்தச் செம்மையின் மேல் அவுரியின் நீலம் ஏற வேண்டும். மருதாணிக்குக் கொஞ்சம் புளிப்பு ஒத்துவரும், அவுரிக்கு ஆகவே ஆகாது. நீங்கள் சேர்த்த தயிரும் எலுமிச்சையும் அவுரியைக் கெடுத்துவிட்டன. முட்டை முடியின் மேல் படிந்து சாயத்தைத் தடுக்கும். எலுமிச்சை அதிகமானால் முடி வறளும்.

அடுத்த முறை எண்ணெய்ப்பசை போக அலசிய தலையில் தொடங்குங்கள். தோள்வரை உள்ள முடிக்கு 200 கிராம் மருதாணிப்பொடி போதும். வெதுவெதுப்பான நீரில் தோசைமாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, 8 மணி நேரம் மூடி வையுங்கள். நம் யாங்கோன் சித்திரை வெயிலில் 4, 5 மணி நேரமே போதும். ஒரு கரண்டி நெல்லிக்காய்ப்பொடி சேர்த்தால் செம்மை சற்று அடங்கும். வேரிலிருந்து பூசி, 3 மணி நேரம் விட்டு, வெறும் தண்ணீரில் அலசுங்கள்.

அப்புறம் அவுரி. இதை முன்கூட்டியே கரைத்து வைக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரும் சிட்டிகை உப்பும் சேர்த்துக் குழைத்து, 15 நிமிடத்தில் பச்சைக் கூழின் மேல் நீலம் படர ஆரம்பித்ததும் தலையில் பூசிவிடுங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து அலசலாம். அலசியவுடன் பச்சையாகத் தெரியும், பயப்படாதீர்கள். காற்றுப் பட்டு 2 நாளில் கருத்துவிடும். அதுவரை ஷாம்பு வேண்டாம். செடிப்பொடிதானே என்று இருந்துவிடாமல், இரண்டையும் முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி 2 நாள் பாருங்கள். அவுரியும் சிலருக்கு அரிக்கும்.

இன்னொன்று. பின்னால் பார்லருக்குப் போய் நிறத்தை வெளுக்கும் எண்ணம் இருந்தால் அவுரி போடாதீர்கள். வெளுக்கும்போது முடி பச்சையாகிவிடும்.

கேள்வி: மலேரியாவுக்கு பிரைமாகுயின் மாத்திரை தரும் முன் ரத்தம் சோதித்த டாக்டர், எனக்கு ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு என்றார். தாடிக்கு மருதாணி போடலாமா?
– ஒரு வாசகர், தட்டோன்

பதில்: வேண்டாம் தம்பி. லாசோன் தோல் வழியாக ரத்தத்தில் கலந்து, இந்தக் குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். பச்சைக்குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இது பரம்பரையாக வருவது, நம் நாட்டில் பலருக்கும் உண்டு. அதனால் உங்கள் வீட்டில் எந்தக் குழந்தைக்கும் கையிலோ காலிலோ மருதாணி இடாதீர்கள். விசேஷ வீடுகளில் ஆசையாக இட வருகிற பாட்டிமார்களிடமும் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மருதாணிக்குப் பிறகு முடி முரட்டுத்தனமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு பர்மியப் பெரியம்மா தயோ கின்புன் போடச் சொல்கிறார். சாயம் போய்விடுமா?
– ஒரு வாசகி, மோல்மேன்

பதில்: பெரியம்மா சரியாகத்தான் சொல்கிறார். கின்புன் நம் சீயக்காயேதான், அழுக்கை எடுக்கும். தயோ மரப்பட்டை வழவழப்பான சாறு விட்டு முடியை மிருதுவாக்கும். தண்ணீர்த் திருவிழா முடிந்து புத்தாண்டு பிறந்ததும் பெரியவர்களுக்குத் தலை அலசிவிடுகிறார்களே, அதே கலவைதான். யாங்கோனில் காளியம்மன் கோயிலை ஒட்டிய தெய்ஞ்சி சந்தையில் கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து, சாயமிட்ட முடிக்கு ஷாம்புவைவிட இதுதான் இதம்.

நிறம் நன்றாகப் பிடித்த பிறகு, அதாவது 2 நாள் கழித்து, இதைப் போடுங்கள். கின்புன் காய்களைக் கொதிக்க வைத்து, பட்டையைத் தனியே ஊறவைத்துப் பிசைந்து, இரண்டையும் கலந்து துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் சக்கை முடியில் சிக்கிக்கொண்டு உயிரை எடுக்கும். கண்ணில் பட்டால் நன்றாகவே எரியும். பட்டை கிடைக்காவிட்டால் வெந்தயத்தை இரவு ஊறவைத்து அரைத்துப் போடலாம், செம்பருத்தி இலையும் நல்லது. எதுவானாலும் அன்றன்றைக்குச் செய்து அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாள் வரை தாங்காது.