மூன்றாம் கியரிலேயே நிற்கும் ஆட்டோமேட்டிக்

உங்கள் ஆட்டோமேட்டிக் கார் மூன்றாம் கியரிலேயே நிற்கிறது, பி0758 என்ற கோளாறுக் குறியீடு காட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கியர்பாக்ஸை இறக்கச் சொன்னால் இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். பி0758 என்பது ஷிப்ட் சோலினாய்டு 'பி'யின் (கியர் மாற்ற எண்ணெய் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு) மின்சுற்றுக் கோளாறு. உள்ளே கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வரை மூன்றாம் கியரிலேயே ஓடியது என்கிறீர்களே, சோலினாய்டை நம்ப முடியாதபோது கம்ப்யூட்டர் அப்படித்தான் ஒரே கியரில் நிறுத்திவைக்கும்.

எனக்குச் சந்தேகம் எலி மேல். மூன்று மாதம் பின்கட்டுக் கொட்டகையில் வண்டி சும்மா நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் ஆள் இல்லாவிட்டாலும் எலி இருக்கும்!

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கியர்பாக்ஸ் மேலுள்ள கனெக்டரைப் பிரியுங்கள். பச்சைக் களிம்பு, எண்ணெய்க் கசிவு, கடித்த வயர் இருக்கிறதா? அப்புறம் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, கியர்பாக்ஸ் பக்கத்தில் அந்த சோலினாய்டின் பின்னை அளந்து பாருங்கள். ஆன்-ஆஃப் வகைக்குப் பெரும்பாலும் 10 முதல் 30 ஓம்ஸ் வரும்; எந்தப் பின், சரியான எண் என்ன என்பது உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அளவு சரியாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் வெளி வயரிங்கில். மீட்டர் 'OL' (இணைப்பே இல்லை) என்று காட்டினால் சோலினாய்டுக்குள் இருக்கும் காயிலோ (கம்பிச் சுருள்) உள் வயரோ அறுந்திருக்கிறது. பல வண்டிகளில் அடியிலுள்ள ஆயில் பேனைக் கழற்றினாலே சோலினாய்டை மாற்றிவிடலாம்.

குளிர்ந்த வண்டியில் சரியாகக் காட்டினால் ஓடிச் சூடான பிறகும் ஒருமுறை அளந்து பாருங்கள். சில காயில்கள் சூட்டில்தான் விட்டுப்போகும்.

ஒன்று மட்டும்: சோலினாய்டு வேலை செய்கிறதா என்று 'டிக்' சத்தம் கேட்க 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுக்காதீர்கள். சுமார் 5 ஓம்ஸ் உள்ள லீனியர் வகையாக (மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து இயக்குவது) இருந்தால் காயில் கருகிவிடும். உங்களுடையது ஏஎம்டி வண்டி (மேனுவல் கியர்பாக்ஸின் கிளட்சையும் கியரையும் தானாக இயக்கும் வகை) என்றால் இந்த அளவுகள் பொருந்தாது.