குடிக்காதவர் விஸ்கி வடிப்பாலைக்குப் போய் என்ன பார்ப்பது?

கேள்வி: கணவரோடு ஸ்காட்லாந்து போகிறேன். ஒரு நாளை அவர் விஸ்கி வடிப்பாலைக்கு ஒதுக்கிவிட்டார். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. நானும் போவதில் பயன் உண்டா, அறையிலேயே இருந்துவிடலாமா?

கட்டாயம் போங்கள். உங்கள் கணவருக்குச் சுவைக்கூடம் எப்போது வரும் என்பதிலேயே கவனம் இருக்கும். ஆலையை முழுதாகப் பார்த்துவிட்டு வரப்போவது நீங்கள்தான். தவிர, ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் வாகனம் ஓட்டுபவரின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கக் கூடாது. இங்கிலாந்தில் அது 80. ஆகவே வண்டி உங்கள் கையில்தான் இருக்கும். ஓட்டுநரின் பங்கைப் பல வடிப்பாலைகளில் சிறு புட்டியில் ஊற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். அதையும் அவர்தான் குடிக்கப்போகிறார், விடுங்கள்.

நானும் குடிப்பதில்லை. மதுவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கீழே எழுதத் தயாராகும் நல்லவர்களே, மது குடும்பங்களை என்ன செய்யும் என்பதை என் பெரியப்பா வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். இங்கே கேட்கப்பட்டது வேறு. வேதிப்பொறியியல் படித்து, தமிழ்நாட்டில் ஒரு சர்க்கரை ஆலையின் வடிப்பாலைப் பிரிவில் வேலை பார்த்தவள் என்பதால் பதில் சொல்கிறேன்.

நாங்கள் மொலாசஸிலிருந்து, அதாவது சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகுக் கழிவிலிருந்து, எரிசாராயம் எடுத்தோம். 95 சதவீதம் ஆல்கஹால், இரவு பகலாக ஓடும் உயரமான வடிகலன்கள். மணம் என்று ஒன்று மிஞ்சினாலே அது குறை. இந்தியாவில் விஸ்கி என்று விற்பதில் பல இந்த வகைச் சாராயத்தில்தான் தயாராகின்றன. ஐரோப்பியச் சட்டப்படி அவற்றை விஸ்கி என்று விற்கவே முடியாது. அந்தப் பழக்கத்தோடு நான் போய் நின்ற இடம் ஸ்காட்லாந்தின் மேற்கே கேம்பல்டவுன் ஊரிலுள்ள ஸ்பிரிங்பேங்க் வடிப்பாலை. 1828-இல் தொடங்கியது, மிட்செல் குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்திவந்தது. இந்தச் சின்ன ஊரில் ஒரு காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வடிப்பாலைகள் இருந்தன. இன்று மூன்று. ஜப்பானிய விஸ்கியின் முன்னோடியான மசடாகா டகெட்சுரு 1920-இல் தொழில் பழகியது இதே ஊரின் ஹேஸல்பர்ன் வடிப்பாலையில்தான். அது பிறகு மூடப்பட்டுவிட்டது.

முதலில் மால்ட் தளம். முளைகட்டி உலர்த்திய பார்லிக்குத்தான் மால்ட் என்று பெயர். ஊறவைத்த பார்லியைத் தரையில் கணுக்கால் உயரத்துக்குப் பரப்பி, முளை விடும்வரை சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஆட்கள் மரத்துடுப்பால் புரட்டிக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் முளைகட்டிய கேழ்வரகைத் துணியிலிருந்து அவிழ்த்ததுபோல ஒரு வாசம். பெரும்பாலான வடிப்பாலைகள் மால்ட்டை வெளி ஆலைகளிலிருந்து லாரியில் வரவழைத்துக்கொள்கின்றன. போமோர், லாஃப்ரோய்க், பால்வெனி போன்றவை தேவையில் ஒரு பகுதியை மட்டும் தாங்களே முளைக்கவைக்கின்றன. ஸ்பிரிங்பேங்கில் அத்தனையும் அவர்கள் தரையிலேயே நடக்கிறது. பிறகு சூளை. பீட் என்னும் சதுப்புநிலக் கரியை எரித்து அந்தப் புகையில் உலர்த்துகிறார்கள். எவ்வளவு நேரம் புகை காட்டுகிறார்களோ அதைப் பொறுத்து ஒரே ஆலையிலிருந்து வெவ்வேறு பெயரில் விஸ்கி வருகிறது.

நொதித்தல் தொட்டிகள் மரத்தாலானவை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொன்னால் தலையை உள்ளே விடாதீர்கள். கரியமில வாயு மூக்கில் ஊசி குத்தும்.

அடுத்து செம்புக் கலன்கள். முதல் கலனுக்கு அடியில் இன்றும் நேரடித் தீ. அடிப்பிடிக்காமல் இருக்க உள்ளே செம்புச் சங்கிலி சுற்றிக்கொண்டே இருக்கிறது. வடிந்து வருவது கண்ணாடிச் சுவர் வைத்த, பூட்டுப் போட்ட பித்தளைப் பெட்டி வழியாக ஓடுகிறது. முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுவில் வருவதை மட்டும் பிடிக்க வேண்டும். எந்த நொடியில் குழாயைத் திருப்புவது என்பதில்தான் வடிப்பவரின் திறமை இருக்கிறது. நாங்கள் துரத்தியடித்த மணத்தை இவர்கள் இப்படி அளந்து அளந்து உள்ளே விடுகிறார்கள். ஒரு பகுதி இரண்டு முறையும் ஒரு பகுதி மூன்று முறையும் வடிக்கப்படுவதால் "இரண்டரை முறை" என்று கணக்குச் சொல்வார்கள். என் கணவருக்கு அது கடைசிவரை புரியவில்லை. எனக்கு அங்கேயே தாள் எடுத்து வரைந்து பார்க்கத் தோன்றியது.

எங்களை அழைத்துச் சென்றவர் ஓர் இளம்பெண். அதற்கு முன் மால்ட் தளத்தில் இரவு முறையில் துடுப்புப் பிடித்தவராம். அதைக் கேட்டதும் எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. எங்கள் ஆலையில் என்னை ஆய்வகத்தைத் தாண்ட விடவில்லை. கேட்டால் சட்டம் என்பார்கள். பெண்கள் இரவில் தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது என்ற 1948 தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இலேயே செல்லாதென்று சொல்லிவிட்டது. நான் சேர்ந்தது அதற்குப் பிறகு. தீர்ப்பின் நகலைக் காட்டினேன். "பாதுகாப்பு இல்லையேம்மா" என்றார் மேலாளர். அந்தப் பாதுகாப்பை ஏற்படுத்துவது யார் வேலை? என்னோடு படித்த பையன்கள் ஷிப்ட் பொறியாளர் ஆனார்கள், நான் அவர்கள் அனுப்பிய மாதிரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கேள்விக்குத் தொடர்பில்லாததுதான், தெரியும்.

கடைசியில் கிடங்கு. ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே, குறைந்தது மூன்று ஆண்டுகள் கிடந்தால்தான் அதற்கு ஸ்காட்ச் என்று பெயர். பீப்பாய் 700 லிட்டரைத் தாண்டக் கூடாது. ஆண்டுக்குச் சுமார் இரண்டு சதவீதம் ஆவியாகப் போய்விடும். தேவதைகளின் பங்கு என்பார்கள். சுவைக்கூடத்தில் உங்களுக்கும் கோப்பை வைப்பார்கள். குடிக்க வேண்டியதில்லை, முகர்ந்து பாருங்கள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர்ந்தால் வேறு மணம் வரும். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். நம்மூர்க் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அத்தனை நாகரிகம் கிடையாது.

முன்பதிவு செய்யாமல் கிளம்பாதீர்கள். குழந்தைகள் இருந்தால் வயது வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் சிறுவர்களை உற்பத்திப் பகுதிக்குள் விடுவதில்லை. கலன்கள் இருக்குமிடத்தில் கைபேசியை வெளியே எடுக்க வேண்டாம் என்றால் எடுக்காதீர்கள், சாராய ஆவிக்குத் தீப்பொறி ஆகாது. ஸ்பிரிங்பேங்குக்கே போவதானால், கிளாஸ்கோவிலிருந்து போக மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதி வழியில் இன்வரேரியில் நிறுத்திச் சாப்பிட்டுவிடுங்கள்.