இரவல் ராக்கெட்டில் ஒரு மயிரிழை விரிசல்

கேள்வி: எனக்கு வயது 34. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஐந்து ஆண்டுகளாக நண்பர் ஒருவருடன் வாரத்தில் மூன்று நாட்கள் காலை ஆறு மணிக்கு ஷட்டில் விளையாடி வருகிறேன். சென்ற மாதம் நிறுவனங்களுக்கு இடையிலான இரட்டையர் போட்டிக்கு முதல் நாள் மாலை என் ராக்கெட்டின் நரம்பு அறுந்துவிட்டது. நண்பர் தம்மிடமிருந்த இரண்டு ராக்கெட்டுகளில் நல்லதையே எடுத்து, "போட்டி முடிந்ததும் கொடு, போதும்" என்று தந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் 11,500 ரூபாய் கொடுத்து வாங்கியது அது. போட்டியில் அதற்கு ஒன்றும் நேரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வந்திருந்த என் மைத்துனன், கல்லூரியில் படிப்பவன், "மாமா, இதை எடுத்துக்கொண்டு போய் விளையாடிவிட்டு வரட்டுமா?" என்று கேட்டபோது நான் சரி என்று தலையசைத்துவிட்டேன். இரட்டையர் ஆட்டத்தில் நடுவில் வந்த பந்தை இருவரும் ஒரே நேரத்தில் அடிக்கப் போய், அவன் கையிலிருந்த ராக்கெட்டும் கூட்டாளியின் ராக்கெட்டும் மோதிக்கொண்டனவாம். பார்வைக்கு எதுவும் தெரியவில்லை. இரவு விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான் தலைப்பகுதியின் வலது மேல்புறத்தில், பெயின்ட்டுக்குக் குறுக்கே, மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. பத்து நாட்களாக ராக்கெட் பீரோவின் மேல் இருக்கிறது. கோட்டின் மேல் பசையைத் தடவி, அதே கருநீல நிறத்தில் நகப்பூச்சு பூசிவிடலாம் என்கிறான் மைத்துனன். எதையும் சொல்லாமல் அதேபோல் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுங்கள், தம்பியின் பெயரை இழுக்காதீர்கள் என்கிறாள் மனைவி. போட்டியின்போது மோதியது என்று சொன்னால் யாருக்கும் சங்கடமில்லை என்கிறார் என் ஆட்டக் கூட்டாளி. அடுத்த மாதப் போட்டிக்காக அந்த ராக்கெட்டுக்கு 26 பவுண்டில் புது நரம்பு போடப் போவதாக நண்பர் நேற்றுச் சொன்னார். நான் என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: அவசரமான வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் நண்பர் அந்த ராக்கெட்டை நரம்பு போடும் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் நீங்கள் அவரிடம் பேசியாக வேண்டும். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த 26 பவுண்டுதான் இதில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம்.

நரம்பு போடுவதை நம் ஊர்க் கோர்ட்டுகளில் 'கட்டிங்' என்பார்கள். மதுக்கடை வாசலில் புழங்கும் அதே ஒலிகொண்ட சொல்லோடு யாரும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 26 பவுண்டு என்றால் ஏறத்தாழ 12 கிலோ எடையைத் தொங்கவிட்டதுபோல ஒவ்வோர் இழையும் சட்டத்தை உள்நோக்கி இழுக்கிறது. நெடுக்கில் 22, குறுக்கில் 21 அல்லது 22 என்று நாற்பதுக்கும் மேற்பட்ட இழைகள் இப்படி இழுக்கின்றன. 85 கிராம்கூட இல்லாத ஒரு கார்பன் வளையம் அத்தனையையும் தாங்கி நிற்பதற்கு, அந்த வளையத்தில் எந்த இடத்திலும் ஒட்டு விடாமல் இருப்பதுதான் காரணம். புதிதாக நரம்பு போடும்போது முதலில் நெடுக்கு இழைகளை முழுவதும் இழுத்துக் கட்டிவிட்டுப் பிறகே குறுக்கு இழைகளைப் போடுவார்கள். நெடுக்கு முடிந்து குறுக்கு தொடங்காத அந்தச் சில நிமிடங்களில் சட்டத்தின்மேல் அழுத்தம் ஒரே திசையில் விழுகிறது. விரிசல் விட்ட ராக்கெட் பெரும்பாலும் அப்போதுதான், கடைக்காரரின் இயந்திரத்தில் பூட்டிய நிலையிலேயே, சடக்கென்று மடியும்.

அப்படி மடிந்தால் யார்மேல் பழி விழும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள்மேலும் விழாது, மைத்துனன்மேலும் விழாது. ஒரு ராக்கெட்டுக்குச் சில நூறு ரூபாய் கூலி வாங்கும் அந்த மனிதர்மேல் விழும். "நன்றாக இருந்த ராக்கெட்டை உடைத்துவிட்டார்" என்று உங்கள் நண்பர் மனமறிந்து நம்புவார். நாலு பேரிடம் சொல்வார். அவர் நஷ்ட ஈடு கேட்டாலும் வியப்பதற்கில்லை. மௌனமாக இருந்தால் இழப்பு நண்பரோடு நின்றுவிடும் என்று நீங்கள் கணக்குப் போட்டிருந்தால், இந்தச் செலவைப் பதிய மறந்துவிட்டீர்கள்.

இதை நான் புத்தியாகச் சொல்லவில்லை, பட்டதால் சொல்கிறேன். பள்ளி நாட்களில் வகுப்புத் தோழன் ஒருவனிடம் பூப்பந்து மட்டை இரவல் வாங்கினேன். அந்தக் காலத்து மர மட்டையை, மரம் கோணாமல் இருக்கத் திருகாணி வைத்த ஒரு சட்டத்துக்குள் இறுக்கி வைப்பார்கள். நான் அதைத் திண்ணையில் வெறுமனே போட்டுவிட்டேன், இரவு மழைச் சாரல் அடித்தது, மட்டை அப்பளம்போல் நெளிந்துவிட்டது. தோழன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துச் சட்டத்துக்குள் வைத்து இறுக்கி, அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மட்டையை வெளியே போட்டது தம்பிதான் என்று முடிவுகட்டி அவன் அப்பா அந்தச் சிறுவனை அடித்தார் என்பது எனக்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. அதன் பிறகு சொல்லத்தான் செய்தேன். அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நகப்பூச்சு யோசனையை இதற்குமேல் ஆராய வேண்டியதில்லை. மோதல் ஒரு விபத்து. நகப்பூச்சு பூசினால் அது மோசடியாகிவிடும். பையனிடம் இதே சொற்களில் சொல்லுங்கள். பசையும் அந்த இடத்தில் பயன் தராது. கார்பன் சட்டம் உலோகம்போல் நசுங்கி அடையாளம் காட்டாது. உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும்போது வெளியே ஒரு கோடு மட்டுமே தெரியும். பெயின்ட் மட்டும் பெயர்ந்திருந்தால் ஓரம் சில்லுச் சில்லாக இருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் அடியில் கெட்டியாக இருக்கும். கோடு சட்டத்தைச் சுற்றி வளைந்து போனாலோ, அழுத்தும்போது மெலிதாக நெகிழ்ந்தாலோ விரிசல் என்று கொள்ளலாம். இதை நீங்கள் ஒருமுறை மென்மையாகப் பார்த்துக்கொள்ளலாம், பலமுறை நெருடிப் பார்க்காதீர்கள். விரிசல் விட்ட சட்டத்தில் இப்போதுள்ள நரம்பே அதை மேலும் பிளக்கக்கூடும் என்பதால், நடுவிலிருந்து தொடங்கி நரம்புகளை வெட்டி இறுக்கத்தை எடுத்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் உங்கள் பொருள் அல்லாததில் கத்தரிக்கோல் வைக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நீங்கள் இன்றே பேச வேண்டியதற்கு இது இன்னொரு காரணம்.

இனி, உங்கள் ஆட்டக் கூட்டாளியின் யோசனை. மூன்றில் கெட்டிக்காரத்தனமானது இதுதான், ஆகவே ஆபத்தானதும் இதுதான். ராக்கெட் சேதமானதை ஒப்புக்கொள்வது, பணமும் கொடுத்துவிடுவது, எந்த ஆட்டத்தில் சேதமானது என்பதை மட்டும் மாற்றிச் சொல்வது. இதில் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றும். சட்டப் புத்தகம் எழுதியவர்களுக்கு அந்த வேறுபாடு பெரிதாகவே தெரிந்திருக்கிறது. பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவர், அதேபோன்ற தம் சொந்தப் பொருளை விவேகமுள்ள ஒரு சாதாரண மனிதர் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 151-ஆம் பிரிவில் சொல்கிறது. அப்படிப் பார்த்துக்கொண்டும் சேதம் நேர்ந்தால், வேறு உடன்பாடு எதுவும் இல்லாதபோது, அவர் பொறுப்பாகமாட்டார் என்கிறது அடுத்த பிரிவு. ஆகவே போட்டியில் நீங்களே ஆடி, ஆட்டத்தின் இயல்பில் மோதல் நேர்ந்திருந்தால், பணம் கொடுக்கச் சட்டப்படி கடமை இல்லை என்றுகூட நீங்கள் வாதாடலாம். ஆனால் 154-ஆம் பிரிவு வேறு கதை சொல்கிறது. ஒருவர் தம் குதிரையை, நீ மட்டும் ஏறிக்கொள் என்று இன்னொருவருக்குக் கொடுக்கிறார்; வாங்கியவர் தம் குடும்பத்தில் ஒருவரை அதில் ஏறவிடுகிறார்; ஏறியவர் கவனமாகத்தான் ஓட்டுகிறார், ஆயினும் குதிரை தற்செயலாக விழுந்து காயமடைகிறது. வாங்கியவர் ஈடு கொடுக்க வேண்டும் என்று அச்சட்டமே உதாரணம் காட்டுகிறது. குதிரையை ராக்கெட் ஆக்கி, குடும்பத்தில் ஒருவரை மைத்துனன் ஆக்கிப் படித்துப் பாருங்கள். 11,500 ரூபாய் ராக்கெட்டுக்காக யாரும் நீதிமன்றம் போகப் போவதில்லை. உங்கள் தவறு எந்த இடத்தில் நிகழ்ந்தது என்பதை அந்தக் குதிரை காட்டிக்கொடுக்கிறது என்பதற்காகவே சொன்னேன். கோர்ட்டில் ராக்கெட்டுகள் மோதிய கணத்துக்கு முன்பே, வீட்டில் நீங்கள் தலையசைத்தபோதே அது நடந்துவிட்டது.

ஆகவே உங்கள் மனைவியின் கவலைக்கும் இதிலேயே விடை இருக்கிறது. தமிழில் 'உடைத்தேன்' என்றும் சொல்லலாம், 'உடைந்துவிட்டது' என்றும் சொல்லலாம். இரண்டாவது சொல்லுக்குப் பின்னால் ஆள் ஒளிந்துகொள்ள வசதி உண்டு என்பது டம்ளரைப் போட்டு உடைத்த குழந்தைக்கும் தெரியும். 'மைத்துனன் உடைத்துவிட்டான்' என்பதோ இன்னொருவரை முன்னால் தள்ளிவிட்டு நாம் பின்னால் நிற்பது. உங்கள் வாக்கியம் 'கொடுத்தேன்' என்று முடியட்டும். "போட்டி முடிந்த மறுநாள், உன்னைக் கேட்காமல் உன் ராக்கெட்டை மைத்துனனிடம் விளையாடக் கொடுத்தேன். அங்கே மோதி, தலையில் விரிசல் விட்டிருக்கிறது. பத்து நாட்களாகச் சொல்லத் தயங்கிவிட்டேன். இதற்குப் புது நரம்பு போட்டுவிடாதே." இவ்வளவுதான் செய்தி. பத்து நாட்களைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். நண்பர் அதையும் ஒருநாள் எண்ணிப் பார்ப்பார். தொலைபேசியில் சொல்லலாம், பிறகு ராக்கெட்டோடு நேரில் போகலாம். காலை ஆட்டத்தின் நடுவே, மற்றவர்கள் நிற்கும்போது மட்டும் சொல்லாதீர்கள், கோபப்படக்கூட அவருக்கு இடமில்லாமல் போய்விடும். மைத்துனனை உடன் அழைத்துப் போக வேண்டியதில்லை. அவன் பங்குக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை நீங்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, கேட்காமல் வாங்கிக் கொடுத்துவிடும் யோசனை எனக்கு உடன்பாடில்லை. 80 முதல் 85 கிராம் வரை உள்ளதா, அதற்கு மேலா, தலை கனமானதா, பிடி எத்தனை பருமன் என்று ஆடுபவருக்கு ஆடுபவர் வேறுபடும்; அதே மாடல் இப்போது வராமலும் இருக்கலாம்; இணையத்தில் மலிவாகக் கிடைப்பதில் போலிகள் ஏராளம். நீங்கள் இரண்டு வருடப் பழைய பொருளுக்குத் தேய்மானம் கழித்துப் பார்க்கும் தொழிலில் இருப்பவர், ஆகவே முன்கூட்டியே சொல்கிறேன்: இங்கே தேய்மானம் கழிக்காதீர்கள். இன்றைய விலையில் அவர் விரும்பும் ராக்கெட்டைக் கடையில் ரசீதோடு வாங்கி, நரம்புக் கூலியும் சேர்த்துக் கொடுப்பதாகச் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் முடியாதென்றால் இரண்டு தவணை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "அட, விடப்பா" என்பார். இன்னொரு முறை அழுத்திக் கேளுங்கள். அப்போதும் மறுத்தால் பாதியாவது ஏற்கச் சொல்லுங்கள். அதையும் மறுத்தால் நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் மூன்றாவது முறை வற்புறுத்துவது அவருக்காக அல்ல, உங்கள் நிம்மதிக்காக என்றாகிவிடும். இனிப்புப் பெட்டிக்கடியில் ரூபாய் நோட்டை வைத்துவிட்டு வரும் நம் ஊர்ச் சாமர்த்தியமும் வேண்டாம்.

உடைந்த ராக்கெட் அவருடையதுதான், அதை நீங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது. கார்பன் இழை சுற்றிப் பழுதுபார்த்துத் தருபவர்கள் சில ஊர்களில் இருக்கிறார்கள். எடை சில கிராம் கூடும், ஆட்டத்தின் சமநிலை மாறும், பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். அது அவர் விருப்பம். உத்தரவாதக் காலம் இருந்தாலும், மோதலால் வந்த விரிசலை நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை. 'தானாக விட்டது' என்று எழுதிக் கேட்டுப் பார்க்கலாம் என்று அவரே சொன்னால், அதற்கு நீங்கள் சாட்சியாகாதீர்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் தன் கிரிக்கெட் மட்டையைப் பக்கத்துத் தெரு நண்பனுக்குக் கொடுத்தான். திரும்பி வந்தபோது அடிமுனையில் ஒரு விரிசல். அந்தப் பையன் ஒன்றுமே சொல்லவில்லை. அவன் வீட்டுக்குப் போய்க் கேட்பது சரியா?

— ஒரு தாய், மதுரை

பதில்: நீங்கள் போகாதீர்கள், அம்மா, உங்கள் மகன் போகட்டும். மட்டையின் அடிமுனை, காலடியில் விழும் யார்க்கர் பந்தாலும், அடிக்கக் காத்திருக்கும்போது தரையில் தட்டித் தட்டி நிற்பதாலும், ஈரத் தரையில் நீரை உறிஞ்சிக்கொள்வதாலும் மெல்ல மெல்ல விரிசல் விடக்கூடியது. அந்தப் பையனுக்கே தெரியாமல் இருக்கலாம். உங்கள் மகனிடம் இருந்தபோதே தொடங்கியிருக்கவும்கூடும். "நீயா உடைத்தாய்?" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். மட்டையை அவன் கையில் கொடுத்து, "இங்கே பார், விரிசல் விட்டிருக்கிறது, எப்போது ஆனது தெரியுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள், உண்மையைச் சொல்ல அவனுக்கு ஒரு வழி கிடைக்கும். மரத்தில் இது பெரிய சேதமும் அல்ல: விரிசலை நன்றாக உலரவிட்டு, மரப்பசை செலுத்தி, இறுக்கிக் கட்டி ஒரு நாள் வைத்து, அடியில் ரப்பர் காப்பு ஒட்டினால் இன்னும் பல ஆட்டங்களுக்கு வரும். விளையாட்டுப் பொருட்கள் விற்கும் கடையில் கேட்டால் செய்து தருபவரைக் காட்டுவார்கள். இரண்டு பையன்களையும் சேர்த்தே அனுப்புங்கள். கூலியைப் பாதிப் பாதியாகக் கொடுப்பதா, ஒருவரே கொடுப்பதா என்பதைப் போகிற வழியில் அவர்களே பேசி முடித்துக்கொள்வார்கள்.